அதிகம் கேட்ட பாட்டு

— இருமல் எங்க?

— என்ன மாமா?

— இருமல். இந்தப் பாட்டுல மொத சரணம் முடிஞ்சதும் நான் ஒரு இருமல் இருமுவேன். எனக்கு அப்ப சளி. அது எங்க போச்சு?

— அதான் மாமா புது சாஃப்ட்வேரோட அழகே! உங்க ரெக்கார்டிங்ல இருந்த கண்ட சத்தமும் போயி, கம்பெனி போட்ட அசல் பாட்டு வந்திருக்கு. கண்ணாடி மாதிரி. இன்னொரு தடவை கேளுங்க.

— கேட்டாச்சு. இது என் பாட்டு இல்ல.

— அதே பாட்டு மாமா. அதே குரல், அதே வரி, அதே மியூசிக்.

— என் ரூம்ல இருக்கற நாற்காலிய தூக்கிட்டுப் போயி, அதே மாதிரி கடையில ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு, அதே நாற்காலிதான் மாமா ஒக்காருங்கன்னு சொல்வீங்களா? என் முதுகுக்குத் தெரியாதா?

— நீங்கதானே பழைய கம்ப்யூட்டர் சாகப் போகுதுன்னு சொன்னீங்க?

— சொன்னேன். டிஸ்க்கு உள்ள பேரிங் தேயற சத்தம் கேட்டுச்சு, சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மோட்டார் பக்கத்துல நின்ன காது இது. உள்ள இருக்கறத அப்படியே தூக்கி புதுசுல வைங்கன்னேன். வெள்ளையடிச்சு வைங்கன்னு நான் சொல்லல.

— அதுவா பண்ணிடுச்சு மாமா. ‘உங்க பாட்டையெல்லாம் ஒழுங்கு பண்ணட்டுமா’ன்னு ஒரு கேள்வி கேட்டுச்சு. நான் சரின்னு அமுக்கினேன்.

— பாட்டு யாரோடது?

— உங்களோடது.

— அப்ப சரின்னு அமுக்க வேண்டியது யாரு?

— ...தப்புதான். ஒண்ணும் பிரச்சனை இல்ல மாமா. ரெண்டே நிமிஷம், சரி பண்ணிடறேன்.

— இந்த ரெண்டே நிமிஷம் காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சது. இப்ப மணி நாலாகுது. சரி, அது கிடக்கட்டும். நான் வச்ச பேரெல்லாம் எங்க? ஒண்ணையும் காணோம். எல்லாம் இங்கிலீஷ்ல எறும்பு ஊர்ற மாதிரி போகுது.

— பாடினவங்க பேரு, படம் பேரு, வருஷம், எல்லாத்தையும் அதுவே கண்டுபிடிச்சுப் போட்டிருக்கு. நீங்க வச்ச பேர வச்சுக்கிட்டு எவனால மாமா தேட முடியும்? இந்தாங்க, பழைய லிஸ்ட்டப் பாருங்க. ‘பல்லு டாக்டர் பில்டிங், ரோப் மாத்தின நாள்’. இது ஒரு பாட்டுக்குப் பேரா?

— ஆமா. அந்த பில்டிங்ல லிஃப்ட் ரோப் மாத்திக்கிட்டு இருக்கறப்ப கீழ டீக்கடையில ஓடின பாட்டு. வீட்டுக்கு வந்து, ரேடியோவுல எப்ப வரும் எப்ப வரும்னு ரெண்டு மாசம் காத்துக் கிடந்து கேசட்ல புடிச்சேன். அப்புறம்தான் அந்த கேசட்டெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுச்சு.

— ‘நாலாவது மாடி அம்மா கதவுல விரல நசுக்கிக்கிட்டது’?

— அது சோகப் பாட்டு.

— ‘ஓனர் திட்டினது’?

— அது மூணு இருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருப்பேன். அந்தாளு மூணு தடவை திட்டினான். மூணாவதுதான் நல்ல பாட்டு.

— சிரிக்காம இருக்க முடியல மாமா.

— சிரிங்க. நான் மூணாங்கிளாஸ். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பாடினவன் யாரு, மெட்டு போட்டவன் யாருன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? அவன் என்னைத் தேடி வரப்போறானா, நான் அவனைத் தேடிப் போகப்போறேனா? பாட்டு கேட்டப்ப நான் எங்க நின்னேனோ, அதான் எனக்கு அடையாளம். இப்ப அதை அழிச்சுட்டீங்க. ஒன்பதாயிரத்து நூத்திப் பதினாலு பாட்டு. ஒரே நாள்ல எல்லாம் எவன் வீட்டுப் பாட்டோ ஆயிடுச்சு.

— அழியல மாமா. பழைய டிஸ்க் இன்னும் ஓடுது, அதுல எல்லாம் அப்படியே இருக்கு.

— இப்ப இந்தப் புதுப் பாட்டெல்லாம் எதுக்குள்ள இருக்கு? இந்தப் பொட்டிக்குள்ளயா?

— இதுக்குள்ளயும் இருக்கு. கம்பெனிக்காரனோட கம்ப்யூட்டர்லயும் இருக்கு.

— எந்தக் கம்பெனி? எந்தத் தெரு?

— தெருவெல்லாம் கிடையாது மாமா. எங்கயோ இருக்கும். யாருக்கும் தெரியாது.

— யாருக்கும் தெரியாத எடத்துல என் சாமானக் கொண்டு போய் வச்சிருக்கீங்க.

— உலகத்துல எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்க.

— உலகத்துல எல்லாரும் லிஃப்ட்ல போறான். எத்தனை பேரு மோட்டார் ரூமப் பார்த்திருக்கான்? கேளுங்க மாப்பிள்ளை. மோட்டார் ரூம் சாவி ஒருத்தன்கிட்டதான் இருக்கணும். எங்கூட வேலை பார்த்த குட்டையன், அவன் உள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கான், வாட்ச்மேன் கிட்ட ரெண்டாவது சாவி. அந்தாளு லைட்டு வரலன்னு வந்து மெயினப் போட்டான். நல்ல எண்ணத்துலதான் போட்டான். குட்டையனுக்கு மூணு விரல்தான் மிச்சம்.

— உங்க பாட்டுல யார் விரலும் போகாது மாமா.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சரி, சண்டை வேணாம். எதையும் மாத்தாத சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. சும்மா இருக்கறத இருக்கற மாதிரி வச்சுக்கும். வெளிய எங்கயும் அனுப்பாது. அதுல பழைய டிஸ்க்குல இருந்து நேரா ஏத்திடறேன். உங்க பேரு, உங்க வரிசை, உங்க இருமல், எல்லாம் அப்படியே.

— குக்கர் சத்தம்?

— அதுவும். ஆனா ஒண்ணு சொல்றேன் மாமா, எப்படித்தான் இதெல்லாம் கேக்கறீங்களோ. பக்கத்து வீட்டு நாய், பிளாஸ்டிக் குடம் உருள்றது, கதவு சாத்தறது. ஒரு பாட்டுல ஒரு குட்டிக் குரல் ‘உஷ்ஷ், பாட்டு பதியுது’ன்னு யாரையோ மிரட்டுது. பயந்தே போயிட்டேன்.

— அது யாருன்னு தெரியல? உங்க பொண்டாட்டிதான்.

— இவளா!

— அவளேதான். ரேடியோ முன்னாடி டேப்ப வச்சு சிவப்பு பட்டன அமுக்கிட்டேன்னா, அப்புறம் வீட்டுல ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. அதுக்கு பாப்பாதான் காவல். அஞ்சாறு வயசு. விரல உதட்டுல வச்சுக்கிட்டு நடு வீட்டுல நிப்பா. யாரு வந்தாலும் உஷ்ஷுதான். வீட்டுக்காரரு வாடகை கேக்க வந்து, அவள ஒரு பார்வை பார்த்துட்டு, வெளிய போய் நின்னாரு.

— அப்பலேந்தே அப்படித்தானா? நான்தான் புதுசா மாட்டினேன்னு நினைச்சேன்.

— யாரு என்னைப் பத்திப் பேசறது?

— வாம்மா, வந்துட்டியா. சும்மா, உன் சின்ன வயசுப் பெருமைய மாமா சொல்லிட்டு இருந்தாரு.

— நாள் பூரா இருட்டு ரூம்ல நின்னு, மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்கன்னு நூத்துப் பேருக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு வரேன். இங்க வந்தா காலைல வச்ச காபி டம்ளர் கூட வச்ச எடத்துல இருக்கு. இன்னும் பாட்டு முடியலையா?

— சாஃப்ட்வேர்ல கொஞ்சம் தகராறு. ரெண்டே நிமிஷம்.

— ஏங்க, உங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. அதையும் இவரோட பாட்டுக்கு எழுதி வச்சுட்டீங்களா?

— பாப்பா, நான் கேட்டது ஒரு சின்ன வேலை.

— உங்களுக்குப் பாட்டுன்னா எல்லாமே சின்ன வேலைதான்ப்பா. அன்னிக்கும் அப்படித்தானே. பாட்டுக்காகப் பொண்டாட்டியத் தொலைச்சவர்தானே நீங்க.

— விடும்மா. இப்ப எதுக்கு அது?

— எப்ப பேசட்டும்? முப்பத்திரண்டு வருஷமா யாரும் எதுவும் பேசல. எனக்கு அம்மா மூஞ்சி போட்டோல பார்த்ததுதான். குரல் ஞாபகமே இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வராது. ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் காதுல நிக்குது. ‘போறதுன்னா போ’. ஆறு வயசுல கேட்டது. யார் சொன்னது, கேளுங்க அவர.

— ...நான்தான் சொன்னேன்.

— பாத்தீங்களா? ஒரு கூச்சம் உண்டா? ஏதோ நாலாவது மாடிக்கு பட்டன் அமுக்கினேங்கற மாதிரி சொல்றாரு.

— கேட்ட, சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் அதான்.

— அம்மா செத்துட்டாங்கன்னு தகவல் வந்தப்ப எனக்குப் பதினாலு வயசுங்க. கூட்டிட்டுப் போகல. பரீட்சை இருக்குன்னுட்டாரு. என்ன பரீட்சை தெரியுமா? கையெழுத்துப் பரீட்சை.

— அங்க போனா அவங்க ஆளுங்க உன்கிட்ட நாலு வார்த்தை சொல்வாங்க. நீ சின்னப் பொண்ணு.

— உங்களப் பத்தி சொல்வாங்கன்னு பயம். அதச் சொல்லுங்க.

— ஆமா. பயம்.

— போதும். எனக்குத் தலை வலிக்குது. நான் போய் டீ போடறேன். எனக்கும் உங்க மாப்பிள்ளைக்கும் மட்டும்.

— மாமா... அவ ஏதோ அசதியில பேசறா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க.

— நான் எதையும் மனசுல வச்சுக்கறது இல்ல மாப்பிள்ளை. டிஸ்க்குல வச்சுக்கறேன். வேலையப் பாருங்க.

— ஏறிக்கிட்டு இருக்கு. ஆயிரம், ஆயிரத்து முன்னூறு... பேரு, வரிசை எல்லாம் சரியா வருது. எத்தனை தடவை கேட்டீங்கங்கற எண்ணிக்கையும் வருது.

— என்ன எண்ணிக்கை?

— ஒவ்வொரு பாட்டையும் நீங்க இதுவரைக்கும் எத்தனை தடவை கேட்டிருக்கீங்கன்னு பழைய சாஃப்ட்வேர் எண்ணி வச்சிருக்கு மாமா.

— எண்ணிச்சா? யாரக் கேட்டு எண்ணிச்சு? பதினஞ்சு வருஷமா என் ரூம்ல ஒக்காந்து என்னை எண்ணிக்கிட்டா இருந்துச்சு?

— எல்லா சாஃப்ட்வேரும் எண்ணும். நல்லதுக்குத்தான். உங்களுக்கு எது புடிக்கும்னு அதுக்குத் தெரிய வேணாமா?

— எதுக்குத் தெரியணும்? எனக்குப் பொண்ணு பாக்கப் போகுதா?

— ‘பல்லு டாக்டர் பில்டிங்’ இருபத்தாறு தடவை. ‘ஓனர் திட்டினது மூணு’ நாப்பத்தொண்ணு. பரவாயில்லயே, ஓனர் மேல பாசம்தான். அப்புறம்... இது என்ன? மாமா, இதுல ஏதோ தப்பு இருக்கு. ‘காலி’ன்னு ஒரு ஃபைல்.

— அத விடுங்க.

— மூணு நிமிஷம் அம்பது செகண்டு. நாலாயிரத்து எண்ணூத்து முப்பத்திரண்டு தடவை. கடைசியா கேட்டது இன்னிக்குக் காலைல அஞ்சேகாலுக்கு.

— விடுங்கன்னு சொன்னேன்.

— பேரு காலின்னு இருக்கு. காலியா இருக்கறத ஒரு மனுஷன் தினம் ஒரு தடவை கேப்பாரா?

— மாப்பிள்ளை. அது ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க. புதுசுல ஏத்த வேணாம். தனியா இந்தப் பென் டிரைவ் குச்சியில போட்டு என் கையில குடுங்க.

— என்ன மாமா அது? சொன்னா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— யாரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் சொல்வான்.

— நான் உங்க மாப்பிள்ளை.

— அதனாலதான் யோசிக்கறேன். ...பாப்பாவோட அம்மா குரல் அதுல இருக்கு. வேற எந்த கேசட்லயும் இல்ல. அவளப் பேச விடாமத்தானே எல்லா கேசட்டும் பதிஞ்சேன். அதுல மட்டும் பேசிட்டா. கெளம்பின அன்னிக்கு.

— மாமா...

— அதுல ஒரு எடம் இருக்கு மாப்பிள்ளை. நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய எடம். டேப்பு ஓடுது, பாட்டு ஓடுது, நான் வாயத் தொறக்கல. நல்ல பாட்டு, கெட்டுடுமேன்னு. அந்த எடம் காலி. தினம் காலைல போட்டுக் கேக்கறேன். தினமும் பேச மாட்டேங்கறேன்.

— என்ன வார்த்தை?

— ‘இரு’. ரெண்டே எழுத்து. மூணாங்கிளாஸ்காரனுக்கே வரும்.

— அப்ப நீங்க ‘போறதுன்னா போ’ன்னு...

— அந்தப் பேச்ச விடுங்க. எடுத்தாச்சா?

— இந்தப் புது சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா...

— என்ன ஆனா?

— காலைல ஏத்தினது. அந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்ல. அதுல எண்ணிக்கையோட எல்லாமே போயிருக்கும் மாமா. மத்த பாட்டையெல்லாம் அது சுத்தம் பண்ணி மாத்திடுச்சு. ஆனா இதுல பேச்சுக் குரல் இருக்கறதால, இதுக்கு சோடியா கம்பெனி பாட்டு எதுவும் கிடைச்சிருக்காது. இத மட்டும் மாத்தாம அப்படியே வச்சிருக்கும்.

— ஒன்பதாயிரத்துல இது ஒண்ண மட்டும்.

— ஆமா.

— எங்க வச்சிருக்கும்?

— எல்லா எடத்துலயும். ஹால்ல இருக்கற ஸ்பீக்கர், என் ஃபோனு, அவ ஃபோனு. வீட்டுல எல்லாரும் கேக்கட்டுமேன்னு காலைல நான்தான்...

— நல்ல எண்ணத்துல.

— மாமா, ரெண்டே நிமிஷம்...

— ஏங்க! இந்த ஸ்பீக்கர் என்னமோ சொல்லுது. ‘அப்பா அதிகம் கேட்ட பாட்டு’ன்னு புதுசா ஒரு லிஸ்ட்டு போட்டிருக்காம். ஓட விடட்டுமான்னு கேக்குது!

— வேணாம்னு சொல்லுங்க! மாப்பிள்ளை, வேணாம்னு சொல்லுங்க!

— வேணாம்மா! அது வேணாம்! வேற ஏதாவது போடு!

— என்ன? அடுப்புச் சத்தத்துல காதுல விழல. சரின்னு சொல்லிட்டேன்.

— மெயின எறக்குங்க! கரண்ட நிறுத்துங்க மாப்பிள்ளை, போர்டு எங்க இருக்கு?

— மெயின் போர்டு வெளிய படிக்கட்டு கிட்ட மாமா. அதுக்குள்ள...

— ஏங்க. பாட்டோட யாரோ ஒரு பொம்பளை பேசறாங்க.

— நிறுத்திடும்மா அத. அது ஏதோ கோளாறு.

— ‘சாயங்காலம் ஆறு மணி ஆனா இந்த வீட்டுல நான் ஊமை’ங்கறாங்க. ஏங்க, இங்க வாங்க. இது யாரு?

— பாப்பா, கைய எடு. அந்த ஸ்பீக்கர அப்பா கிட்ட குடு.

— ஸ்பீக்கர நிறுத்திட்டேன். பாட்டு என் ஃபோன்லயும் இருக்கு. இப்ப சொல்லுங்க. யாருப்பா இது?

— ரேடியோ நாடகம். அந்தக் காலத்துல பாட்டுக்கு நடுவுல நாடகம் போடுவான்.

— நாடகத்துல என்னை எதுக்கு பாப்பான்னு கூப்புடறாங்க?

— அதெல்லாம் உனக்கு வேணாம் பாப்பா.

— அம்மாவா?

— ஆமா.

— அம்மா குரல் இருந்திருக்கு. இவ்வளவு வருஷமா இந்த வீட்டுல, அந்த ரூம்ல, என் சுவத்துக்கு அந்தப் பக்கம். எனக்குக் குரல் ஞாபகம் இல்லன்னு நான் எத்தனை தடவை உங்ககிட்ட சொல்லியிருக்கேன்? எத்தனை தடவைப்பா?

— நிறைய.

— நீங்க தினம் காலைல கதவ சாத்திக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, தனியா கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இருக்கா, கல்நெஞ்சுன்றதுக்கு?

— இல்ல. அதான் நான். திட்டு. நல்லா திட்டு. ஆனா மிச்சத்தக் கேக்காத.

— ஏன்? ‘போறதுன்னா போ’ அதுலதானே இருக்கு? நீங்க சொன்னது நான் என் காதால கேட்டுடுவேன்னு பயமா?

— ஆமா. அதுலதான் இருக்கு. நான்தான் சொன்னேன். நான்தான் அவள அனுப்பினேன். உன் வாழ்க்கைய நான்தான் கெடுத்தேன். எழுதி வேணா தரேன், கையெழுத்து போட்டு. போதுமா? இப்ப அத அழிச்சுடு.

— மாமா, கொஞ்சம் முன்னாடி நீங்க வாயே தொறக்கலன்னு சொன்னீங்களே, அந்த எடத்துல...

— நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை!

— என்னது? என்ன சொன்னாரு உங்ககிட்ட?

— ஒண்ணும் இல்லம்மா. எனக்கு சரியாப் புரியல.

— மாப்பிள்ளை, ஒரு வேலை செய்யுங்க. எல்லாத்தையும் அழிச்சுடுங்க. அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கறது, இந்தப் பொட்டியில இருக்கறது, பழைய டிஸ்க்கு, ஒன்பதாயிரத்து நூத்திப் பதினாலும். இருமல், குக்கர், பல்லு டாக்டர், எதுவும் எனக்கு வேணாம். என் டூல் பையில சுத்தியல் இருக்கு. டிஸ்க்க நானே ஒடைக்கறேன்.

— பாத்தீங்களா? ஒரு இருமல் காணாமப் போச்சுன்னு காலைலேந்து உங்களப் போட்டு வறுத்தாரு. இப்ப எல்லாத்தையும் ஒடைக்கறாராம். அவ்வளவு கெட்டியா மறைக்கணும்னா உள்ள எவ்வளவு இருக்கும்?

— பாப்பா. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதையாவது கேட்டிருக்கேனா? இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு டீ கேட்டிருக்கேனா?

— இல்ல.

— இப்ப ஒண்ணு கேக்கறேன். குடு அந்த ஃபோன.

— அம்மாவும் உங்ககிட்ட ஏதோ ஒண்ணு கேட்டிருப்பாங்கல்ல அன்னிக்கு? குடுத்தீங்களா?

— குடுக்கல.

— அப்ப நானும் குடுக்க மாட்டேன்.

— மாப்பிள்ளை, இங்கேந்து அழிச்சா அவ ஃபோன்லயும் அழியாதா?

— அழியும் மாமா. ஆனா ஒரு மாசம் குப்பையில கிடக்கும். யார் வேணா திருப்பி எடுக்கலாம்.

— எடுக்கறவன் எடுத்துக்கலாம், வச்சவன் அழிக்க முடியாது. இதுக்குப் பேரு ஒழுங்கு.

— எதிர்ல ஒக்காருங்கப்பா. எழுந்து போகக் கூடாது. நீங்க சொன்னத உங்க கூட ஒக்காந்து கேக்கணும். முப்பத்திரண்டு வருஷமா எனக்கு இந்த ஒரு ஆசைதான்.

— பாப்பா, நீ அப்ப சின்னப் புள்ள. நான் சொல்லிக் குடுத்ததத்தான் நீ... என்ன இருந்தாலும் அது என் தப்பு. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க.

— நடுவுல பேசாதீங்க. போட்டுட்டேன்.

— “...பெட்டி கட்டியாச்சு. உங்ககிட்டதான் பேசறேன். அந்த டேப்ப ஒரு நிமிஷம் நிறுத்துங்க.”

— எவ்வளவு மெல்லிசா இருக்கு குரல். என் குரல் மாதிரியே இருக்கு, இல்லங்க?

— ஆமாம்மா.

— “நிறுத்த வேணாம், விடுங்க. பாட்டு ஓடட்டும். திரும்பிப் பார்த்து இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பெட்டிய வச்சுட்டு அடுப்பப் பத்த வைக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல.”

— சொல்லுங்கப்பா. இந்த எடத்துலதானே சொன்னீங்க? சொல்லுங்க!

— பாப்பா, நிறுத்திடும்மா. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்.

— “பேச மாட்டீங்க. சரி. பாப்பா, இங்க வாடி தங்கம். நீயாவது சொல்லு. அம்மா இருக்கட்டுமா, போகட்டுமா? நீ என்ன சொல்றியோ அதான்.”

— “உஷ்ஷ்! பேசாதம்மா, பாட்டு பதியுது. போறதுன்னா போ.”